எழுதாமல் விட்ட வரி

வெள்ளவத்தை,
12.10.1952

அன்பின் கமலம்,

நான் சுகம். நாங்கள் ஆறு கிளாக்கர்மார் சேர்ந்து இருக்கும் இந்தச் சமறியில் சமையல்காரன் நேற்றும் பருப்புக்கு உப்புப் போட மறந்துவிட்டான். அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உம்முடைய முழங்கால் நோவுக்கு அனுப்பிய தைலத்தைப் பூசுகிறீரா, அல்லது அலுமாரியில் வைத்து அழகு பார்க்கிறீரா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் விண்ணப்பம் சரிவந்துவிட்டது. அடுத்த மாதம் அக்கராயன் காணிக்கு ஒரு யப்பான்காரன் வருவான்.

நீர் வேண்டாம் என்றுதான் சொன்னீர். ஆனால் இந்த நட்டஈட்டுக் கந்தோரில் இருந்துகொண்டு, மற்றக் குடும்பங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பும் ஆணைகளைத் தட்டச்சு அடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு மட்டும் கேட்காமல் விட என்னால் முடியவில்லை. சமாதான ஒப்பந்தம் போன வருஷம் கையெழுத்தானது. அவர்களுடைய தொழிற்சாலைகளைக் கழற்றிக் கப்பலில் ஏற்றியாகிவிட்டது. இனி அவர்களிடம் கொடுப்பதற்கு மனிதரைத் தவிர ஒன்றுமில்லை. அதனால் குண்டு விழுந்த நாடுகளுக்கு யப்பானில் வீட்டுக்கு ஓர் ஆண் உழைப்புக்கு வர வேண்டும் என்று தீர்ப்பு. மாநாட்டில் அத்தனை நாட்டுக்காரர் இருந்தார்களாம். "போதும், விடுங்கோ" என்று சொல்ல ஒருவரும் எழும்பவில்லை. ஏன் எழும்ப வேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன்.

எங்கள் மகன் யோகநாதனுக்கு நாற்பத்திரண்டில் பத்தொன்பது வயசு. திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டவர்கள் அவனுக்கு வயசு கேட்டா போட்டார்கள்? துறைமுகக் கந்தோரில் இருந்து வந்த தந்தியை நீர் மறந்திருக்க மாட்டீர். "காணவில்லை" என்று மட்டும் இருந்தது. செத்துப்போனான் என்று ஒரு வரி எழுத அந்தப் பாவிகளுக்குக் கை வரவில்லை. நீர் இரண்டு வருஷம் ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு பங்கு சோறு எடுத்து மூடி வைத்தீர். அந்தக் கோப்பையை நான் எப்படி மறப்பேன்?

பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு முதலுரிமை. வருகிறவன் மூன்று வருஷம் எங்கள் வயலில் வேலை செய்வான். வண்டில் கொட்டிலில் படுப்பான். அவனுக்கு அரிசி முகாமில் இருந்து வரும். மாதம் ஒரு முறை கிளிநொச்சி முகாமுக்குப் போய் முகம் காட்ட வேண்டும். உம்முடைய கைச்சோறு அவனுக்குப் போகக் கூடாது. இது அரசாங்கத்தின் விதி இல்லை, என்னுடைய விதி.

கலட்டிப் பக்க வேலியை மழைக்கு முன் அடைப்பித்துவிடும்.

உம்முடைய,
கனகலிங்கம்


அக்கராயன்,
30.11.1952

அன்பின் அத்தான்,

தைலம் பூசுகிறேன். நோ அப்படியே இருக்கிறது, மாடு மட்டும் அந்த மணத்துக்குக் கிட்ட வர மாட்டேன் என்கிறது.

நான் உங்களிடம் கேட்டது ஓர் இரும்புக் கலப்பை. நீங்கள் அனுப்பியது ஒரு மனிதன். கலப்பையாக இருந்தால் மழைக்கு உள்ளே எடுத்து வைத்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். யோகநாதனைக் கொன்ற கூட்டத்தில் ஒருவன் வருகிறான், பார்த்த உடனே காறித் துப்ப வேண்டும் என்று நான் படலையடியில் ஆயத்தமாகத்தான் நின்றேன். இறங்கியவன் இரண்டு அடி வைத்தான், வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். கப்பலில் வந்தவர்களை முதலில் வைக்கிற பளை முகாமில் இருந்து லொறி குலுக்கிய குலுக்கல். துப்ப நின்ற நான் செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்படி ஆகிவிட்டது. நீங்கள் சோற்றுக்குத்தான் விதி எழுதினீர்கள், தண்ணீருக்கு எழுதவில்லை.

பெயர் இசாமு. வயசு இருபத்துமூன்று என்று முகாம்காரர் சொன்னார். கணக்குப் பார்த்தேன். குண்டு விழுந்தபோது இவன் காற்சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை.

பக்கத்துக் காணி வீரகத்தி அண்ணை விடுப்புப் பார்க்க வந்து, தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "தங்கச்சி, உவனை வயலுக்கை நிக்க விட்டால் குருவி வராது. வேறை ஒரு பிரயோசனமும் இல்லை" என்றார். உண்மைதான். இவன் ஏதோ பட்டணத்தில் ஒரு தையல்காரனின் மகனாம். வயல் என்றால் என்ன என்றே தெரியாது. ஏரைக் கொடுத்தால் மாடு இவனை உழுகிறது. இரண்டு நாள் வாய்க்காலுக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டது. மூன்றாம் நாள் மாட்டுக்கு அடித்தான், நான் தடியைப் பறித்து எறிந்துவிட்டேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான்.

ஆனால் கிழிந்த சாக்குகளை எடுத்துத் தைத்து வைத்திருக்கிறான், பாருங்கள். கல்யாணச் சேலைக்குக் கரை பிடித்தது மாதிரி இருக்கிறது. நெல்லுப் போடவே மனம் வரவில்லை.

வேலி அடைத்தாகிவிட்டது. உங்கள் பருப்புக்கு உப்பை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கமலம்


அக்கராயன்,
10.4.1953

அன்பின் அத்தான்,

யோகநாதனின் திவசம் முந்தாநாள் முடிந்தது. லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு பங்குனியிலும் உங்களுக்கு லீவு கிடைப்பதில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கை கால் வைத்துச் சொல்லக் கூடாது.

ஐயர் வந்து செய்வதைச் செய்துவிட்டுப் போனார். படைத்தேன். அவனுக்குப் பிடித்த முருங்கைக்காய், கத்தரிக்காய்க் குழம்பு, பயற்றம் பாயசம். படைத்த சோற்றை ஓர் ஆண் இருந்து சாப்பிட வேண்டும், அதுதானே வழக்கம். வருஷா வருஷம் வீரகத்தி அண்ணைதான் சாப்பிடுவார். இந்த முறை ஒட்டுசுட்டானில் அவர் தம்பியின் வாழைத் தோட்டத்தை யானை மிதித்துவிட்டதென்று காலையிலேயே போய்விட்டார். பொழுதும் ஏறிவிட்டது. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் போட்ட இலையை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்? இரண்டு வருஷம் பார்த்தது போதாதா?

கூப்பிட்டேன். கை கால் கழுவி வந்து சம்மணம் கட்டி இருந்தான். யாருடைய இலை என்று அவனுக்குத் தெரியும், படத்தைப் பார்த்தான். தலை நிமிராமல் சாப்பிட்டான். உறைப்புத் தாங்காமல் கண்ணால் தண்ணீர் வழிந்தது. உறைப்புத்தான் என்று நினைக்கிறேன். ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு அன்று பின்னேரம், இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, நல்ல நித்திரை வந்தது.

அன்புடன்,
கமலம்


வெள்ளவத்தை,
18.4.1953

கமலம்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. என் பிள்ளையின் இலையில் அவனைக் கொன்றவர்களின் பிள்ளையை இருத்தினீர். அந்தச் சோற்றைக் காகத்துக்குப் போட்டிருக்கலாம். வாய்க்காலில் கொட்டியிருக்கலாம்.

வைகாசி விடுமுறைக்கு நான் வரவில்லை. வேலை கூட என்று வைத்துக்கொள்ளும்.

கனகலிங்கம்


அக்கராயன்,
6.12.1954

அன்பின் அத்தான்,

ஆவணியில் வந்து நின்ற நான்கு நாளும் நீங்கள் அவனோடு ஒரு சொல் பேசவில்லை. ஆனால் போகும்போது உங்கள் குடைத் துணியைத் தைத்துக் கொடுத்தானே, அதை விரித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கொண்டுபோனீர்கள். நான் கண்டேன்.

இப்போது அவனுக்குத் தமிழ் வருகிறது. வீரகத்தி அண்ணையிடம் படித்த தமிழ், பாதிக்கு மேல் மாட்டைத் திட்டுகிற சொல். என்னை அம்மா என்கிறான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அயல் வீட்டுப் பத்மாசனியின் பிள்ளைகள் அவர்கள் தாயைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்திருக்கிறான். முதல் நாள் எனக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அவனுடைய தகப்பன் இவனைப் போலவே ஆணை வந்து மலாயாவில் றோட்டு வேலைக்குப் போய் அங்கேயே செத்துப்போனாராம். அந்த ஆளுக்குப் பதிலாகத்தான் இவன் வந்தானாம். வீட்டில் தாயும் ஒரு தம்பியும். தம்பியின் பெயர் மினோரு. படம் வைத்திருக்கிறான், பல்லெல்லாம் வெளியே தெரியச் சிரிக்கிற பிள்ளை.

தகப்பன் செத்தால் மகன் வர வேண்டும் என்பது மெய்யா? இவனை ஒரு வருஷம் முந்தி அனுப்ப உங்கள் துரையிடம் கேட்க முடியுமா? வேலைக்கு எனக்கு ஆள் வேண்டாம். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

நான் உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. கலப்பையைத் தவிர.

அன்புடன்,
கமலம்


வெள்ளவத்தை,
15.12.1954

அன்பின் கமலம்,

மெய்தான். ஆள் செத்தாலும் ஓடினாலும் அந்த வீட்டில் அடுத்த ஆண் வர வேண்டும். மிச்சத் தவணைக்கு அல்ல, மூன்று வருஷமும் முதலில் இருந்து. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

துரையிடம் கேட்க முடியாது. கேட்டால் என் கதிரை போய்விடும். வருகிற கார்த்திகையோடு அவனுக்குத் தவணை முடிகிறது. இவ்வளவு காலம் இருந்தவன் இதையும் இருக்கட்டும்.

சாக்குத் தைக்கிற ஊசியும் மெழுகு நூலும் ஒரு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சாக்குகள் கிழிந்துவிட்டதாக நீர் எழுதியதால்தான்.

உம்முடைய,
கனகலிங்கம்


அக்கராயன்,
20.2.1955

அன்பின் அத்தான்,

இதைத் தபாலில் போட எனக்குத் துணிவு இல்லை. வீரகத்தி அண்ணை தானே கொண்டுவருகிறார். வாசித்ததும் அடுப்பில் போடுங்கள்.

இசாமு செத்துப்போனான்.

வெள்ளிக்கிழமை அரிவி வெட்டு. வெட்டிக் கிடந்த கதிரை அள்ளும்போது தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அள்ள வேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் தட்டுவான். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது, நெல் நனையப் போகிறதென்று நான்தான் "கெதியா, கெதியா" என்று கத்தினேன். தட்டாமல் அள்ளினான். கீழே புடையன் பாம்பு கிடந்தது.

கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனால் முகாமுக்குத் தெரியும். அவன்தான் வேண்டாம் என்றான். பரிகாரியார் வந்து மருந்து கட்டினார், பார்த்தார், எழும்பிப் போய் முற்றத்தில் நின்றார். எனக்கு விளங்கிவிட்டது. அவனுக்கும் விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சொல்ல வேண்டாம். சொன்னால் தம்பி வரும். தம்பி வேண்டாம்" என்றான். பிறகு அவன் பாஷையில் ஏதோ சொன்னான். அது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் விடியவே வாய்க்கால் மருத மரத்தடியில் எரித்தோம். வீரகத்தி அண்ணை விறகு அடுக்கினார். கொள்ளி வைக்க மட்டும் மாட்டேன் என்றார். "நான் ஆர், அவன் ஆர், உரித்தில்லாதவன் வைக்கக் கூடாது தங்கச்சி" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. நான் வைத்தேன். பெண் பிள்ளை கொள்ளி வைக்கலாமா என்று கேட்காதீர்கள். யோகநாதனுக்கு உடம்பு கிடைக்காமல் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்தோமே, அன்று நான் குசினிக்குள் இருந்து புகையைத்தான் பார்த்தேன். இவனுக்கு உடம்பு இருந்தது. பக்கத்தில் நின்றேன்.

இனி உங்களிடம் கேட்பது. கார்த்திகை வரை அவன் உயிரோடு இருக்க வேண்டும். மாதா மாதம் முகாமில் முகம் காட்ட வேண்டுமே, அதை நிறுத்த உங்களால்தான் முடியும். பல்லுத் தெரியச் சிரிக்கிற அந்தப் பிள்ளை இங்கே வரக் கூடாது. நான் சாகிறவனுக்குத் தலையாட்டிவிட்டேன்.

கமலம்


வெள்ளவத்தை,
24.2.1955

கமலம்,

வீரகத்தியிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

செய்துவிட்டேன். வேலையாளுக்குக் காலில் முறிவு, நடக்கக் கூடாது, தவணை முடியும்வரை முகாமுக்கு வரத் தேவையில்லை என்று ஒரு கடுதாசி அடித்து, துரை பார்க்காமல் கையெழுத்துப் போடும் கட்டுக்குள் வைத்தேன். போட்டார். அது கிளிநொச்சிக்குப் போய்விட்டது. இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் நான் ஒரு முத்திரை கூடத் திருடியதில்லை.

ஏன் செய்தேன் என்று யோசித்தேன். அவனுக்காக என்று சொல்ல மாட்டேன். அவன் செத்ததென்றால் அந்தத் தாய்க்கு ஒரு கடுதாசி போக வேண்டும், அதை இந்த மேசையில் நான்தான் அடிக்க வேண்டும். அது என்னால் முடியாது.

நீர் கெதியாக என்று கத்தியதை நினைத்து நினைத்து உம்மை வருத்தாதேயும். மழை வந்தால் எல்லாரும்தான் கத்துவார்கள்.

ஊருக்குள் வாயைத் திறவாமல் இரும். ஆள் கொட்டிலுக்குள் படுத்திருக்கிறான் என்று சொல்லும். இத்தனை காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியம் இது ஒன்றுதான் போல இருக்கிறது.

உம்முடைய,
கனகலிங்கம்


அக்கராயன்,
14.3.1955

அன்பின் அத்தான்,

உங்களுக்கு எப்படி எழுதுவதென்று மூன்று நாளாக யோசித்தேன். காரியம் கெட்டுவிட்டது. கெடுத்தது நான்.

மாசிக் கடைசி வெள்ளி குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் புது நெல்லுப் பொங்கல். ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டு நெல். இந்த வருஷம் எங்கள் முறை. அது என் ஞாபகத்தில் இருக்கவே இல்லை. வியாழக்கிழமை பத்மாசனி நெல் வாங்கக் குல்லத்தோடு வந்து நின்றபோதுதான் நினைவு வந்தது.

காய்ச்சல் என்று சொன்னேன். "அப்ப நீங்கள் படுங்கோ அக்கா, நெல்லைத் தாங்கோ, நாங்கள் பொங்குறம்" என்றாள். அந்த நெல்லை எப்படிக் கொடுப்பேன், அத்தான்? அவன் வெட்டிப்போட்ட நெல். கொள்ளி வைத்த கையால் அள்ளிக் கொடுக்க வேண்டும். கொள்ளி வைத்தவளுக்குச் சாவுத் துடக்கு இல்லை என்று எந்த ஐயரும் சொல்ல மாட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிய இன்னும் நாள் கிடக்கிறது.

அரசாங்கத்துக்குப் பொய் சொல்லச் சொன்னபோது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பிள்ளையாரிடம் எப்படிச் சொல்வது? நெல்லுக்கு மழை தந்தவருக்குச் செத்த வீட்டு அரிசியைப் பொங்கிப் படைத்துவிட்டு, பிறகு எந்த முகத்தோடு போய்க் கும்பிடுவது? "தர ஏலாது" என்றேன். "ஏன் அக்கா?" என்றாள். "துடக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

இந்தக் குடியேற்றத் திட்டத்தில் இருக்கிற எல்லாரும் எங்கள் ஊர்ச் சனம். யாழ்ப்பாணத்தில் யார் வீட்டில் யார் செத்தாலும் எனக்குத் தெரிய முன் அவர்களுக்குத் தெரியும். ஒரு பெரியப்பாவைச் சாகடித்துக் கணக்குக் காட்டவும் வழியில்லை. பின்னேரம், அரசாங்கத்துக்கு ஊர் விவரம் எழுதுகிற விதானையார் அப்புத்துரை வந்தார். "பிள்ளை, ஆர் செத்த துடக்கு?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டில் கொட்டிலைப் பார்த்தார். கொட்டில் கதவு திறந்து கிடந்தது.

"நான் எழுதாட்டில் இந்தத் திட்டத்துக்கே தண்ணியை மறிப்பாங்கள்" என்றார். தலையைக் குனிந்துகொண்டுதான் போனார். அவரில் எனக்குக் கோபம் இல்லை.

அப்படியென்றால் வைத்திருக்கிற துடக்கை முழுதாகவே வைக்கிறேன். அவன் செத்த எட்டாம் நாள் யாருக்கும் சொல்லாமல் படைத்தேன். அந்தியேட்டிக்கு ஐயரைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் உத்தியோகத்துக்கு என்ன வருமோ என்று பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் விட அந்தப் பிள்ளையை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது. ஏதாவது செய்யுங்கள்.

கமலம்


வெள்ளவத்தை,
2.5.1955

அன்பின் கமலம்,

ஜீப்பில் வந்தவர்கள் மருத மரத்தடியைக் கிண்டிப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். உம்மை ஒன்றும் சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டேன். ஏன் சொல்லவில்லை என்று உமக்குத் தெரிய வேண்டும்.

துரை என்னைக் கூப்பிட்டார். அந்தக் கால்முறிவுக் கடுதாசி அவர் மேசையில் இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து. அதை இழுத்து ஒரு முறை வாசித்தார். பிறகு, இது வெளியே போனால் நீ சிறைக்கு, உன் மனுசி சிறைக்கு, நான் வீட்டுக்கு என்றார். கடுதாசியைக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். "ஆள் இந்த மாதம் செத்ததாகப் பதி. அடுத்த ஆளுக்கு ஆணையை அடித்துக் கொண்டுவா. ஒன்றும் நடக்கவில்லை" என்றார்.

அடித்துக் கொண்டுபோனேன்.

நீர் சிறையில் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது. உமக்கு முழங்கால் நோ, சீமெந்துத் தரையில் படுக்க மாட்டீர். இதைச் சொன்னால் சிரிப்பீர், ஆனால் அந்த நேரம் எனக்கு அதுதான் கண்ணுக்குள் வந்தது. நான் மாட்டேன் என்றாலும் பக்கத்து மேசைக்காரன் அடித்திருப்பான். இதையும் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஆணையில் பெயரும் ஊரும் அடித்தேன். எந்தக் காணி, எந்த நாள் கப்பல் என்றும் அடித்தேன். முன்னையவர் பற்றி எழுத ஓர் இடம் இருக்கிறது. விரலைக் கொண்டுபோனேன். கை வரவில்லை. அதை வெறுமையாக விட்டேன். துரையும் கவனிக்கவில்லை.

முதலுரிமைக் குடும்பம் என்றபடியால் அவனை உம்மிடமே அனுப்புகிறார்கள். வேறு எங்காவது போய்க் கஷ்டப்படுவதை விட அது நல்லதல்லவா? நீர் அவனைப் பார்த்துக்கொள்வீர். அந்த ஒன்றில் எனக்கு நிம்மதி.

ஒரு பதில் எழுதும்.

உம்முடைய,
கனகலிங்கம்


வெள்ளவத்தை,
19.6.1955

அன்பின் கமலம்,

போன கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்குப் பிறகு போட்ட தபால் அட்டைக்கும் இல்லை. முழங்காலுக்குப் புதுத் தைலம் ஒன்று அனுப்பியிருந்தேன், கிடைத்ததா? சமையல்காரன் போய்விட்டான். புதியவன் உப்பை அள்ளிக் கொட்டுகிறான்.

ஒரு வரி எழுதினால் போதும்.

உம்முடைய,
கனகலிங்கம்


அக்கராயன்,
27.8.1955

அத்தானுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். இன்றைக்கு எழுதுகிறேன்.

மினோரு மத்தியானம் வந்து இறங்கினான். பத்தொன்பது வயசாம். லொறி நிற்க முன்னமே குதித்தான். சத்தி எடுக்கவில்லை. படத்தில் இருந்த அதே பல்லு, அதே சிரிப்பு. என்னைக் கண்டதும் கை கூப்பினான், இடுப்பு மடியக் குனிந்தான். பளை முகாமில் யாரோ அவனுக்கு இரண்டு சொல் படிப்பித்திருக்கிறார்கள். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், அவ்வளவு திருத்தமாகச் சொன்னான்.

"அண்ணா எங்கே?"

நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வயலைப் பார்த்தான், கொட்டிலைப் பார்த்தான். அண்ணன் வயலில் நிற்கிறான், பொழுதுபட வருவான் என்று தானே முடிவு செய்துகொண்டான். முகத்தில் எனக்குத் தெரிந்தது.

சட்டைப் பையில் இருந்து உங்கள் கடுதாசியை எடுத்துக் காட்டினான். நாலாய் மடித்து, ஓரம் கசங்காமல் வைத்திருக்கிறான். அதில் தன் பெயரையும் இந்தக் காணியின் பெயரையும் விரலால் தொட்டுக் காட்டினான். அண்ணன் இருக்கிற இடத்துக்கே தன்னையும் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். தகப்பன் செத்தபோது வந்த ஆணையில் செத்தார் என்ற வரி இருந்திருக்கும், இதில் இல்லை, அதனால் அந்தத் தாயும் அப்படி நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறாள். ஒரு சட்டை தைத்துக் கொடுத்துவிட்டிருக்கிறாள். விரித்து என் முன்னால் பிடித்தான். இசாமு இங்கே வந்தபோது இருந்த உடம்புக்கு அளவெடுத்தது. பிறகு திரும்ப மடித்தான். மடித்தது சரியில்லை என்று மறுபடியும் மடித்தான்.

நீங்கள் என் முழங்காலை நினைத்து அடித்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்கவில்லை. அதை வாசித்து நான் அழுதேன். அதற்காக உங்களை மன்னிக்கலாம் என்று கூட இரண்டு மாதம் இருந்து பார்த்தேன். பிள்ளையாருக்குப் பயந்து நான் வாயைத் திறந்தேன், என் பங்கும் இதில் இருக்கிறது. அதை நான் சுமப்பேன்.

ஆனால் அந்த வரி, அத்தான். எங்களுக்குத் தந்தி அடித்தவர்களைப் பாவிகள் என்று நீங்களே எழுதினீர்கள். அந்தப் பாவிகளும் உங்களைப் போல ஒருவராகத்தான் இருந்திருப்பார்கள். மேசையில் இருந்து, கை வராமல், வெறுமையாக விட்டிருப்பார்கள். தங்களுக்கு இரக்கம் என்று நினைத்திருப்பார்கள். நான் இரண்டு வருஷம் சோறு மூடி வைத்தேன். நீங்கள் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள். பார்த்த பிறகும் இன்னொரு தாய்க்கு அதைச் செய்தீர்கள்.

பங்குனித் திவசத்துக்கு இனி லீவு கேட்க வேண்டாம். ஆவணிக்கும் வர வேண்டாம். உங்களுக்கு உலை வைக்க எனக்குக் கை வராது. தைலம் இரண்டையும் வீரகத்தி அண்ணையிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அவனுக்கு இலை போட்டுச் சோறு வைத்திருக்கிறேன். பசி, நன்றாகச் சாப்பிடுகிறான். நடுவில் ஒருக்கால் நிறுத்தி, பானையைக் காட்டி, அண்ணனுக்கும் இருக்கிறதா என்று கையால் கேட்டான். இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் மருத மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நீங்கள் எழுதாமல் விட்ட வரியை நான் அங்கே சொல்ல வேண்டும். அவனுக்கு என் பாஷையில் இரண்டே சொல்தான் தெரியும், அவன் பாஷையில் எனக்கு ஒன்றும் தெரியாது.

கை கழுவுகிறான். நிறுத்துகிறேன்.

கமலம்